ஸ்க்ரீன் வராத பில் மெஷினைப் பேசவைப்பது

"ஸ்க்ரீன் வர மாட்டேங்குது அண்ணா." பில் மெஷின் பழுது என்று கடைகளிலிருந்து வருகிற அழைப்புகளில் முக்கால்வாசி இப்படித்தான் ஆரம்பிக்கும். இதைக் கேட்டதும் புது ஸ்க்ரீனுக்கு விலை சொல்லத் தொடங்குகிற ஆட்களும் நம் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களை விடுங்கள். திரை கறுத்துக் கிடப்பதற்குத் திரையே காரணமாக இருக்கலாம், மெமரி கழன்றிருக்கலாம், பவர் சப்ளை இளைத்துப்போயிருக்கலாம், உள்ளே இருக்கிற வட்டப் பெட்டரி செத்திருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு.

வீட்டுக் கம்பியூட்டர் என்றால் கீபோர்ட் இருக்கும், பெரிய மொனிட்டர் இருக்கும், சோதனை ப்ரோக்ராமை ஓடவிட்டுவிட்டு பிளேன்டீ குடிக்கப் போகலாம். பில் மெஷினில் கீபோர்ட் கிடையாது. இருக்கிற தொடுதிரை பழைய மெஷின்களில் 800க்கு 600 புள்ளிதான், அதுவும் போய்விட்டால் மிச்சம் இருப்பது வாடிக்கையாளர் பக்கம் திரும்பி நிற்கிற குச்சி டிஸ்ப்ளே, வரிக்கு 20 எழுத்து வீதம் இரண்டு வரி. ஆனால் சோதனை ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் 80 எழுத்து அகலம், 25 வரி உயரம் என்று மனதில் வைத்து எழுதுகிறார்கள். அந்த 40 எழுத்துக்குள் பதிலை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்தப் பதிவு.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றால் ஊர் அப்படி. நான் இருப்பது ஹட்டனில், கடைகள் இருப்பது மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் நோர்வூட்டிலும். மழைக்காலத்தில் அந்த வளைவுகளில் பஸ்ஸில் போய் இறங்கி, "மெமரியைக் கழற்றி மாட்டினால் சரி" என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்தால் அன்றைய நாள் முடிந்தது. சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரைக்கும், நல்லதண்ணிப் பக்கம் கடைக்காரர்கள் இரவிலும் பில் போடுகிறார்கள், மெஷின் ஒரு மணி நேரம் நின்றாலும் முதலாளிக்கு ரத்தம் கொதிக்கும். அதனால் பாதி வைத்தியம் போனிலேயே நடக்க வேண்டும். போனில் நடக்க வேண்டுமென்றால் மெஷின் சொல்கிற பதிலைக் கேஷியர் தங்கச்சி வாய்விட்டுப் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. கடையில் எங்காவது ஒரு யூஎஸ்பி கீபோர்ட் இருக்கும், அதைச் சொருகி கேப்ஸ் லொக் பட்டனை அமுக்கச் சொல்வேன். லைட் மாறி மாறி எரிந்தால் போர்டும் மெமரியும் அநேகமாக வேலை செய்கிறது, காட்டுவதற்குத்தான் வழியில்லை. அப்படியென்றால் அடுத்தது டோர்ச். போனில் இருக்கிற லைட்டைத் திரைக்குச் சாய்வாக, மிக நெருக்கமாக அடித்துப் பார்த்தால் மங்கலாக எழுத்து தெரிகிறதா? தெரிந்தால் பின்னால் எரிகிற வெளிச்சம்தான் போயிருக்கிறது, படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. புது ஸ்க்ரீனுக்கு விலை சொன்னவர் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருக்கலாம்.

கேப்ஸ் லொக் எரியவில்லையென்றால் காது. போட்டவுடன் பீப் எத்தனை, நீளமா குட்டையா என்று கேட்பேன். மெஷினைப் போட்டவுடன் முதலில் ஓடுகிற ப்ரோக்ராம்தான் பயோஸ், பீப் கொடுப்பது அதுதான். பழைய ஏஎம்ஐ பயோஸில் ஒன்று முதல் மூன்று குட்டை பீப் மெமரிப் பக்கம், எட்டு குட்டை பீப் டிஸ்ப்ளே மெமரி. அவோர்ட் பயோஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்ட். கம்பனிக்குக் கம்பனி கணக்கு மாறும், சில போர்டுகளில் ஸ்பீக்கரே வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் கேட்டுவைப்பதில் நட்டமில்லை. கடையில் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

சிஆர்2032 என்கிற அந்த 3 வோல்ட் வட்டப் பெட்டரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் இது செய்கிற அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. கடை மூடும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் இங்கே உண்டு, இடி மின்னலுக்குப் பயந்து. நியாயமான பயம்தான், ஆனால் இரவு முழுக்கக் கடிகாரத்தை அந்தப் பெட்டரிதான் தூக்கிப்பிடிக்கிறது, குளிரில் அதன் வோல்ட்டும் இறங்கும். அது செத்துப்போனால் காலையில் பயோஸ் தன் செட்டிங்கை மறந்துவிட்டு "எஃப்1 பட்டனை அமுக்கு" என்று கேட்டுக்கொண்டு நிற்கும். கீபோர்ட் இல்லாத மெஷின், எங்கே அமுக்குவது? திரையும் அந்த நேரத்தில் சரியாக வராவிட்டால் பார்ப்பவருக்கு மெஷின் செத்துவிட்டது மாதிரியே இருக்கும். கீபோர்டைச் சொருகி எஃப்1 அமுக்கியதும் எழும்பிவிடும், அப்புறம் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், அதை மாற்றாமல் பில் போட்டால் மாதக் கணக்கு முழுக்க நாறிவிடும். பெட்டரியை மாற்றுங்கள். பயோஸில் "கீபோர்ட் இல்லாவிட்டாலும் நிற்காதே" என்கிற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

நேரில் போனால் வேறு மொனிட்டர் மாட்டிப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், மெஷினுக்குப் பின்னால் விஜிஏ ஓட்டை இருக்கும். கடையில் அதற்குப் பொருந்துகிற ஒரே மொனிட்டர் சிசிடிவி மொனிட்டர்தான், அதைக் கழற்ற முதலாளி சம்மதிப்பதற்குள் விடிந்துவிடும். சம்மதித்தாலும், பென் ட்ரைவில் கொண்டுபோன லினக்ஸ் எழும்பும்போது செத்துப்போன உள்திரைக்கே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் மொனிட்டருக்குப் பிடிக்காத அளவில் அனுப்பி "அவுட் ஒஃப் ரேஞ்ச்" என்று காட்டும். பூட் வரியில், அதாவது லினக்ஸ் எழும்பும்போது கொடுக்கிற கட்டளையில், நோமோட்செட் என்று சேர்த்தால் பல போர்டுகளில் அடங்கிவிடும். அதைச் சேர்க்கவும் ஒரு திரை வேண்டுமே, அதனால் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு போங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது சீரியல் போர்ட், அதாவது எழுத்தை வரிசையாக அனுப்புகிற பழைய 9 பின் இணைப்பு. வீட்டுக் கம்பியூட்டர்களில் அது ஒழிந்துபோய்விட்டது, பில் மெஷின்களில் இன்னும் மூன்று நான்கு இருக்கும். மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிள் போட்டால் மெஷின் சொல்கிற எல்லாமே என் திரையில் வரும், அதனுடைய திரை எக்கேடு கெட்டால் எனக்கென்ன. மெமரியைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ப்ரோக்ராமின் 2022இல் வெளிவந்த 6ஆம் பதிப்பு சீரியல் வழியாகவே காட்டும், பூட் வரியில் போர்ட்டையும் 115200 என்கிற வேகத்தையும் எழுதிவிட்டால் போதும். ஆனால் கேபிளைச் சொருகுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இது முக்கியம்: பில் மெஷின்களில் சீரியல் போர்ட்டின் 9ஆவது பின்னில் பலவேளை 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும். ஸ்கேனருக்கும் குச்சி டிஸ்ப்ளேக்கும் தனி வயர் இழுக்காமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு. சாதாரண கேபிளில் அந்தப் பின்னுக்கு அப்படி ஒரு வேலையே கிடையாது. மீட்டரை வைத்து அளந்துவிட்டுச் சொருகுங்கள், அல்லது அந்த ஒரு வயரை வெட்டிய கேபிள் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நான் பக்கத்தில் இருந்தால். நான் ஹட்டனிலும் மெஷின் மஸ்கெலியாவிலும் இருக்கும்போது வேலைக்கு வருவது குச்சி டிஸ்ப்ளேதான். பெரும்பாலான குச்சி டிஸ்ப்ளேக்கள் 9600 வேகத்தில் சாதாரண எழுத்தை அனுப்பினாலே காட்டிவிடும், ட்ரைவர் கீவர் எதுவும் தேவையில்லை. ஆகவே ஒரு பென் ட்ரைவில் சின்ன லினக்ஸ், எழும்பியவுடன் தானாக ஓடுகிற ஒரு ஸ்க்ரிப்ட், அதன் பதில் முழுக்கக் குச்சிக்கு. என் வாடிக்கைக் கடைகளில் இந்தப் பென் ட்ரைவ் லாச்சியில் கிடக்கும், பயோஸிலும் முதலில் பென் ட்ரைவைப் பார்க்கும்படி முன்கூட்டியே வைத்திருக்கிறேன்.

எழுதும்போது நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு: எண் மட்டும்தான், எழுத்தே கூடாது. குச்சி டிஸ்ப்ளேயில் தமிழும் வராது சிங்களமும் வராது, ஆங்கிலச் சுருக்கங்களைப் போனில் படிக்கச் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி படிப்பார்கள். எண் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான், கேஷியர் தமிழ்ப் பிள்ளையோ சிங்களப் பிள்ளையோ பிரச்சினையில்லை. மேல் வரியில் எத்தனையாவது சோதனை, கீழ் வரியில் விடை, சைபர் என்றால் நல்லது.

"மேல் வரியில என்ன இருக்கு தங்கச்சி?"

"ரெண்டு அண்ணா."

"கீழ?"

"சைபர்."

"சரி, அப்ப மெமரி பிழையில்லை. மூணு வரும்வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க."

போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போடச் சொன்னால் லேசாக இருக்குமே என்று தோன்றும். இந்த டிஸ்ப்ளேக்கள் எல்லா எழுத்தையும் ஒரே நேரத்தில் எரிய விடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாற்றி மாற்றி எரியவிடுகின்றன, அதனால் கெமராவில் பாதி எண் விழுந்திருக்கும் பாதி காணாமல் போயிருக்கும். வாயால் படிப்பதுதான் திறம்.

லினக்ஸுக்குள் ஓடுகிற மெமரிச் சோதனை அரைகுறைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டம் தான் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சோதிக்க விடாது. அதில் பிழை வந்தால் பிழை நிச்சயம், பிழை வராவிட்டால் பாதி நிம்மதி. முழுச் சோதனைக்கு மெம்டெஸ்ட் தான், பழைய எட்டம் ப்ரோசஸரில் அது மணிக்கணக்கில் இழுக்கும், கடை மூடிய பிறகு இரவில் ஓடவிட வேண்டியதுதான்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் அறிக்கை இரண்டு பக்கம் வரும். அதில் நான் எடுப்பது நாலே நாலு எண் வரிசை: 5, 197, 198, 199. ஹார்ட் டிஸ்கில் 5 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றிவைக்கப்பட்ட இடங்கள், 197 படிக்க முடியாமல் மாற்றத்துக்குக் காத்திருப்பவை, 198 திருத்த முடியாதவை. இந்த மூன்றும் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே பில் டேட்டாவைப் பிரதி எடுத்துவிட்டு டிஸ்கை மாற்ற வேண்டும். 199 வேறு சாதி. அது டிஸ்குக்கும் போர்டுக்கும் இடையில் டேட்டா கெட்டுப்போன கணக்கு, மற்ற மூன்றும் சைபராக இருந்து இது மட்டும் ஏறினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பனியும் ஈரமும் இருக்கிற நம் பக்கத்தில் கேபிள் முனை பாசி பிடித்தது போல் கறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், துடைத்து இறுக்கினால் எண் அதற்கு மேல் ஏறாது. நல்ல டிஸ்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை அதே கேபிளில் மாட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பிரயோசனமில்லை. இன்னொன்று, டிஸ்கில் எழுதிப் பார்க்கிற சோதனை எதையும் அந்த ஸ்க்ரிப்டில் வைக்காதீர்கள். படிப்பது மட்டும்.

குச்சியும் இல்லாத மெஷினுக்குப் பில் ப்ரின்டர். 80 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிக்கு 42 அல்லது 48 எழுத்து, 58 மில்லிமீட்டர் என்றால் 32, குச்சியைவிடத் தாராளம்தான். விரிவான அறிக்கை வேண்டுமானால் குச்சி இருந்தாலும் நான் இதற்குத்தான் அனுப்புவேன், தாளைக் கிழித்து லாச்சியில் வைக்கச் சொல்லிவிட்டால் நான் போகும்போது இருக்கும். ஆனால் ப்ரின்டரை நம்புவதற்கு முன் அதைச் சோதியுங்கள்: ஃபீட் பட்டனை அமுக்கிப்பிடித்தபடி சுவிட்சைப் போட்டால் பெரும்பாலானவை தங்கள் செட்டிங்கை அச்சடித்துக் காட்டும். அது ஒழுங்காக வந்தால் ப்ரின்டர் நல்லது, கோளாறு கேபிளுக்கு அந்தப் பக்கம். நீளவாக்கில் வெள்ளைக் கோடு விழுந்தால் அச்சடிக்கிற தலையை ஐசோப்ரொபைல் அல்கஹோலால் துடையுங்கள், துடைத்தும் போகாத கோடு செத்துப்போன புள்ளி.

கரண்ட் விஷயம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் அடிவாங்கிய யூபிஎஸ் பெட்டரிகளை மாற்றாமலே ஓட்டுகிற கடைகள் இன்னமும் இருக்கின்றன. லைட் எரிகிறது என்பதற்காக யூபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இறங்குகிற சீசனில் "திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது" என்று அழைப்பு வந்தால், மெஷினைத் திறக்க முன் யூபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் சொருகி ஒரு நாள் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு என்னைத் திரும்பக் கூப்பிடுவதில்லை.

இப்போது பல கடைகளில் கைக்குள் அடங்குகிற அன்ட்ரொய்ட் மெஷின்கள் வந்துவிட்டன. அவற்றில் சீரியலும் இல்லை குச்சியும் இல்லை, கம்பனி வைத்திருக்கிற சோதனை மெனுவுக்குள் போவதற்கும் தொடுதிரை வேலை செய்ய வேண்டும். சாதாரண பில் போடுகிறதென்றால் திறந்து பெட்டரி, சார்ஜிங் பின் வரைக்கும் பார்ப்பேன். வங்கிக் கார்ட் வாங்குகிற மெஷினைத் திறக்கவே மாட்டேன், நீங்களும் திறக்காதீர்கள். யாரோ கைவைக்கிறார்கள் என்று தெரிந்தால் உள்ளே இருக்கிற ரகசியக் குறியீட்டைத் தானே அழித்துக்கொள்ளும்படிதான் அவற்றைச் செய்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு வங்கிக்குப் போகாமல் அது எழும்பாது. வங்கி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூ ட்ரைவரை உள்ளே வைத்துவிட்டு, ஸ்டிக்கரில் இருக்கிற நம்பருக்குப் போன் போடுங்கள்.