விளக்கு வைத்தால் படுத்துவிடும் வைஃபை

சாயங்காலம் ஆறரைக்கு மேல் என் லேப்டாப்பில் வீடியோ மீட்டிங்கில் இருப்பவர்கள் எல்லோரும் சிலையாகிவிடுவார்கள். ஒருவர் வாயைத் திறந்தபடி, ஒருவர் பாதிக் கண்ணை மூடியபடி. நான் பேசுவது அவர்களுக்குத் தகர டப்பாவுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்குமாம். பகலில் ஒரு குறையும் இருக்காது. மூன்று மாதம் இப்படியே ஓடியது.

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்களுடையது பெரிய வீடு. பெருமைக்குச் சொல்லவில்லை, கூட்டிப் பெருக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும். முகப்பு, அப்புறம் நடுவில் முற்றம் உள்ள வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் ஓடு சரிந்து பூட்டிக் கிடக்கும் அடுப்படிக் கட்டு. இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர் வயர் முகப்போடு நின்றுவிட்டது. நான் வேலை பார்க்கும் அறை இரண்டாம் கட்டில். நடுவே சுமார் 130 அடி தூரம், இரண்டடிச் சுவர்கள். கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. வெயில் உள்ளே வரக் கூடாது என்று கட்டினார்கள், வைஃபையும் வரவில்லை.

அதற்காகத்தான் மெஷ் வாங்கினேன், வைஃபையை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும் டப்பாக்கள். முகப்பில் ஒரு டப்பா, வளவில் ஒன்று, என் அறையில் ஒன்று. 200 எம்பிபிஎஸ் வேகத்துக்கான பிளான். ஆனாலும் சாயங்காலமானால் இந்தக் கதை. இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தால், "சாயங்காலம் லோடு சார், 300 பிளானுக்கு மாறிருங்க" என்றார்கள். நானும் பாதி நம்பிவிட்டேன். மாறவில்லை, அதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தேன்: நான்காவதாக ஒரு டப்பா வாங்கி வளவுக்கும் என் அறைக்கும் நடுவில் வைத்தேன். வேகம் இன்னும் குறைந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. என்னுடையது போன்ற இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை) டப்பாக்களுக்கு முன்னால் இருப்பவரிடம் வாங்குவதற்கும் பின்னால் இருப்பவருக்குக் கொடுப்பதற்கும் ஒரே ரேடியோதான். வாங்கும் நேரத்தில் கொடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கை மாறும்போதும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். டப்பாவைக் கூட்டினால் சிக்னல் கட்டம் நிறையும், வேகம் நிறையாது. போனில் நாலு கட்டமும் எரிவதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

சரி, முறையாகப் பார்ப்போம் என்று நான்காவதைக் கழற்றிவிட்டு ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு முகப்பில் போய் உட்கார்ந்தேன். ஃபைபர் பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேராக வயர் போட்டால் 196. அப்படியென்றால் வெளியில் லோடும் இல்லை, ஒன்றும் இல்லை. முகப்பு டப்பாவின் பக்கத்தில் 170. வளவில் 70. என் அறையில் 6. இதே அறையில் பகலில் 38 வந்திருக்கிறது.

வளவு டப்பாவை ஐயா காலத்து பெல்ஜியம் கண்ணாடிக்குக் கீழே, அதை ஒட்டியே வைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது உலோகப் பூச்சு, அது அலையைத் திருப்பி அடித்துவிடும். டப்பாவை எடுத்து எதிரே தூணோரம் ஸ்டூலில் வைத்ததும் வளவில் 110 ஆனது, என் அறையில் பகலில் 50. சாயங்காலம்? 9.

விடை கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஆத்தா தேவகோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அன்று ஏழு மணி மீட்டிங்கில் ஒருவர்கூடச் சிலையாகவில்லை. மறுநாள் ஆத்தா வந்தார், சிலைகளும் வந்தன.

விளக்கு வைக்கும்போது முன்கதவைத் திறந்து பின்கதவைச் சாத்துவது எங்கள் வீட்டு வழக்கம். அடுப்படிக் கட்டுதான் பூட்டிக் கிடக்கிறதே, அதனால் ஆத்தாவுக்கு வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் கதவுதான் பின்கதவு. மூன்று விரல் கனத்தில் பர்மா தேக்கு, இரட்டைக் கதவு, குறுக்கே இரும்புப் பட்டை. எங்கள் வீட்டில் வாசற்படியில் நின்றால் கடைசிக் கட்டு வரை கண்ணுக்குத் தெரியும், எல்லா நிலையும் ஒரே நேர்க்கோடு. சிக்னலும் சுவரைத் துளைத்து வரவில்லை, அந்த நிலைகள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நானே கதவைச் சாத்திவிட்டு மெஷ் ஆப்பைப் பார்த்தேன்: என் அறை டப்பா வேகமான 5 கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு மெதுவான 2.4-க்கு இறங்கி ஒட்டிக்கொண்டது.

"ஆத்தா, இந்தக் கதவ மட்டும் ஒம்பது மணி வரைக்கும் தெறந்து வைக்கலாமா?"

"விளக்கு வச்ச நேரத்துல பின்கதவு தெறந்து கெடந்தா லட்சுமி எப்படிப்பா தங்குவா?"

என் சம்பளமும் லட்சுமிதான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

இனி வயர்தான் வழி. சுவரில் ஓட்டை போட முடியாது. ஐந்து பங்காளி வீடு, ஓர் ஆணி அடிக்கவே மலேசியாவில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்க வேண்டும். நிலைக்கு மேலே காற்றுக்காக விட்ட கம்பி ஜன்னல் இருந்தது. காரைக்குடியில் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் 60 மீட்டர் வாங்கினேன். வளவில் வெயில் படும் என்பதால் வெளியில் போடும் கறுப்பு உறை. 100 மீட்டருக்குள் இருந்தால் இந்த வயரில் வேகம் குறையாது. முகப்பிலிருந்து ஓட்டோரமாகக் கொண்டுபோய், ஜன்னல் வழியாக நுழைத்து, என் அறை டப்பாவில் செருகினேன்.

94.

எப்போது பார்த்தாலும் 94, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்படி அசையாமல் நின்றால் கேபிள் முனையைப் பாருங்கள். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓட எட்டுக் கம்பியும் வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் 100-க்கு இறங்கிவிடும், 100 என்றால் கைக்கு வருவது 94 சொச்சம். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பிளக்குக்குள் பழுப்புக் கம்பி மட்டும் அரிசி அளவு குட்டையாக நின்றது. வெட்டிவிட்டு வேறு பிளக் வைத்து அழுத்தினேன். 191.

நான்காவது டப்பாவைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

இப்போது கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆத்தாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனாலும் தினம் ஆறரைக்கு நிலையோரம் வந்து நின்று, "கதவச் சாத்தவாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாத்துகிறார்.