கட்டை புதிது, திருகு பழசு

துப்பாக்கிக்குக் கட்டை, அதாவது இரும்பைத் தாங்கும் மரப்பகுதி, மாற்றும் வேலை என்றால் எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். வால்நட்டா, வேறு மரமா, காய்ந்த மரமா, நார் எப்படி ஓடுகிறது என்று. ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான ஈ.எம்.இ.யில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி மெக்கானிக்காக, இருந்தபோதும் சரி, ஓய்வுக்குப் பிறகு லைசென்ஸ் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடையில் உட்காரும் இப்போதும் சரி, என் நேரத்தை எடுத்துக்கொண்டது மரம் இல்லை. மரத்தையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்கும் திருகு, வாஷர், ஸ்பிரிங், காலர் ஆகிய சின்ன உருப்படிகள்தான். கட்டை வந்துவிடும். அதற்குப் பொருந்தும் திருகு வருமா என்பதுதான் கேள்வி.

நான் அதிகம் கழற்றிப் பூட்டியது த்ரீ நாட் த்ரீ. 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்க் 3 ரைஃபிள் அது. பிற்பாடு நம்பர் 1 மார்க் 3 என்று பெயர் மாறியது. மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை இதைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. 1960-களில் அதே உடம்பை 7.62 தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்று இறக்கியதும் அங்கேதான். படைகள் இதைக் கீழே வைத்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆனால் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு என்.சி.சி. யூனிட்களிலிருந்து டிரில் ரைஃபிள்கள் வந்துகொண்டே இருந்தன. மைதானத்தில் 'பாஜு சஸ்த்ர்' (துப்பாக்கியைக் காலருகே இறக்கி நிறுத்துவது) போடும்போது பட், அதாவது பின்கட்டை, தரையில் இடிக்கும். வருஷக்கணக்கில் சிமென்ட் தரையில் இடிபட்டால் அடியிலுள்ள பித்தளைத் தட்டை ஒட்டி மரம் விண்டுவிடும், அல்லது பட் தான் செருகியிருக்கும் இரும்புச் சாக்கெட்டில் ஆட்டம் கண்டுவிடும். அப்போது பின்கட்டையை மாற்றியாக வேண்டும்.

இந்த ரைஃபிளில் கட்டை ஒரே துண்டு கிடையாது. முன்கட்டை தனி, பின்கட்டை தனி, நடுவில் இரும்பு. பின்கட்டையைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நீள போல்ட். பித்தளைத் தட்டில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும், குழலைத் துடைக்கும் கயிறான புல்த்ரூவும் இருக்கும். அவற்றை எடுத்தபின், துளையின் ஆழத்தில் அடைத்திருக்கும் தோல் திண்டையும் கிளறி எடுக்க வேண்டும். அதற்கும் உள்ளேதான் போல்ட்டின் தலை. நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டால் தலைப் பள்ளத்தில் போய் உட்காரும். திருப்பினால் கழன்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அங்கே திருப்பக் கூடாது. அந்த போல்ட்டின் முன்முனை சதுரம். சாக்கெட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, முன்கட்டையின் பின்புறத்தில் பதித்திருக்கும் ஒரு சின்ன இரும்புத் தகட்டின் காடிக்குள் போய் நிற்கும். போல்ட் தானாகச் சுழன்று தளராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருப்பினால் சதுரம் தகட்டை முறுக்கும், தகடு மரத்தைப் பிளக்கும். பின்கட்டையை மாற்றப் போய் முன்கட்டையும் போய்விடும். ஆகவே முதலில் முனையிலுள்ள நோஸ் கேப், நடுவிலுள்ள பாண்டு, விசையைச் சுற்றியுள்ள டிரிகர் கார்டு என்று எல்லாவற்றையும் கழற்றி, முன்கட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பின்னால் போக வேண்டும். இதற்கு அடுத்து வந்த நம்பர் 4 ரைஃபிளில் இந்தச் சதுர ஏற்பாடு இல்லை. அதில் பழகியவர் நம்பர் 1-இல் கை வைத்தால் கூடுதல் கவனம் தேவை.

பூட்டும்போது இன்னொரு சங்கதி உண்டு. புதுப் பின்கட்டையை சாக்கெட்டில் செருகி போல்ட்டை இறுக்கி முடிக்கும் இடத்தில், சதுரத்தின் பக்கங்கள் தகட்டின் காடிக்கு நேராக நிற்க வேண்டும். கோணலாக நின்றால் முன்கட்டை ஏறாது. பழைய மரத்தில் சரியாக நின்ற அதே போல்ட், புது மரத்தில் அரைக்கால் சுற்று முன்னாலோ பின்னாலோ நின்றுவிடும், ஏனென்றால் துளைக்குள் தலை உட்காரும் மேடை ஒவ்வொரு கட்டையிலும் இம்மி வித்தியாசப்படும். சதுரம் நேராக வரட்டும் என்று போல்ட்டைத் தளர்த்தி விடுகிறவர்கள் உண்டு. அப்படி விட்டால் பட் ஆடும். தலைக்கு அடியில் இருக்கும் வாஷரின் தடிமனை மாற்றிப் பார்ப்பதுதான் முறை. உப்புத்தாளில் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்து, முழு இறுக்கத்தில் சதுரம் நேராக நிற்கும்வரை விடக் கூடாது. ஒரு வாஷருக்காக அரைநாள் போகிறதே என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். அந்த அரைநாள் அந்த ரைஃபிளுக்குச் சேரவேண்டியது என்றுதான் நான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பின்கட்டையின் நீளத்திலும் கவனம் வேண்டும். சாதாரண அளவுக்கு அரை அங்குலம் கூடினால் எல் எழுத்து, அரை அங்குலம் குறைந்தால் எஸ், ஒரு அங்குலம் குறைந்தால் பி. எழுத்து மரத்தின் மேலேயே குத்தியிருக்கும். ஸ்டோரிலிருந்து வந்த கட்டையை எழுத்துப் பார்க்காமல் பூட்டிவிட்டால், அணிவகுப்பில் ஒரு பையனுடைய துப்பாக்கி மட்டும் குட்டையாகத் தெரியும்.

முன்கட்டையில் என் மனதுக்குப் பிடித்த உருப்படி காலர். டிரிகர் கார்டின் முன் திருகு மரத்தைத் துளைத்துக்கொண்டு மேலே இரும்பில் ஏறும். அந்தத் துளைக்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்கும், அதுதான் காலர். திருகை எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்கிப் போகாமல் தடுப்பது அது. அதன் உயரம் மரத்தின் தடிமனை விட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் மரம் முதலில் அழுந்திப் பிடிபடும், அப்புறம் காலர் நிறுத்தும். காலர் உயரமாக இருந்துவிட்டால் திருகு இரும்போடு இரும்பாக முட்டி நின்றுவிடும். கையில் கல் மாதிரி இறுக்கமாகத் தெரியும். உள்ளே மரம் பிடிப்பில்லாமல் மிதந்துகொண்டிருக்கும்.

வேலை பழக வந்த ஒரு பையன் அப்படி ஒரு ரைஃபிளை நீட்டினான். "சார், ஃபுல் டைட். இதுக்கு மேல ஒரு நூல் போகாது."

எங்கள் ஹவில்தார் தமிழ்க்காரர். துப்பாக்கியை வாங்கி, முன்கட்டையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினார். லேசாக 'கிளிக்' என்றது. "தம்பி, திருகு டைட்டு. கட்டை டைட்டா?"

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை ஒவ்வொரு துப்பாக்கியிடமும் கேட்கிறேன். சுடும் துப்பாக்கியில் இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. வெடிக்கும்போது பின்னுக்கு வரும் உதையை முன்கட்டையின் பின்பகுதியில் இருக்கும் இரண்டு சின்ன மரப்பரப்புகள்தான் வாங்குகின்றன. மரம் மிதந்தால் ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கி அங்கே விரிசல் விடும். ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை மிருதுவான உள்ளூர் மரத்தைப் பயன்படுத்தியபோது அந்த இடத்தில் செம்புத் தகடு வைத்தார்கள். இஷாப்பூரில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகைப் போட்டு மரத்தைக் கட்டினார்கள். பக்கவாட்டில் அந்தத் திருகின் தலையைப் பார்த்ததும் இது இந்தியக் கட்டை என்று சொல்லிவிடலாம்.

காலர் விஷயத்தில் ஊரின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். கடலோர ஊரில் மழைக்காலத்தில் பொருத்திய கட்டை ராஜஸ்தான் பக்கம் போனால் சுருங்கும். காலர் சுருங்காது. மழைக்காலத்தில் சரியாக இருந்த உயரம் அங்கே போனதும் அதிகமாகிவிடும். அதனால்தான் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பதைச் சடங்காக நினைக்காமல், வெளியே தெரியாத துளைகளுக்கும் காடிகளுக்கும் உள்ளே தேய்க்கச் சொல்வார்கள்.

இனி மரை, அதாவது திருகின் சுற்றிழை. கடைக்கு வருகிறவர்கள் பலரும் "கால் இஞ்ச் ஸ்க்ரூ சார், ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்குமே" என்பார்கள். கால் அங்குலம் என்பது குறுக்களவு மட்டும்தான். பிரிட்டிஷ் விட்வொர்த் மரையில் கால் அங்குலத் திருகுக்கு அங்குலத்துக்கு 20 இழை. அதே நாட்டின் நுண்மரையில் 26. அமெரிக்க நுண்மரையில் 28. ரெமிங்டன் 700-இன் கட்டைத் திருகுகள் அந்த இனம். ஜெர்மன் மவுசர் 98-இல் 22. அமெரிக்கப் பெருமரையிலும் 20 இழைதான், ஆனால் இழையின் கோணம் 60 டிகிரி, விட்வொர்த்தில் 55. எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒன்று, பூட்டிப் பார்த்தால் வேறு. எல்லாவற்றையும் விட ஏமாற்றுவது நம் கடைகளில் கிடைக்கும் எம்6. அதன் இழை இடைவெளி 1 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 25.4, கிட்டத்தட்ட 26. குறுக்களவோ 6 மில்லிமீட்டர், கால் அங்குலம் 6.35. ஆகவே பழைய பிரிட்டிஷ் நுண்மரைத் துளைக்குள் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கடைசியில் இறுக்கும்போது இழைகளின் நுனி மட்டும் பிடித்திருக்கும். சில நாளில் நுனி மழுங்கிக் கழன்று வரும், வரும்போது துப்பாக்கியின் மரையையும் கொஞ்சம் தின்றுவிட்டு வரும். திருகு போனால் வேறு செய்யலாம். துப்பாக்கியின் உடம்பில் இருக்கும் மரை போனால் என்ன செய்வது?

ராணுவத்தில் இதற்கு நல்ல வழி இருந்தது. பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாது என்று பி.இ.ஆர். போட்ட ரைஃபிள்களிலிருந்து முறையாக எழுதி உருப்படிகளைக் கழற்றி வைத்துக்கொள்வோம். ஒரே தொழிற்சாலை, ஒரே மரை. வெளியே அந்த வசதி கிடையாது. 2020 குடியரசு தினத்தோடு உத்தரப் பிரதேச போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்தது. அப்படி ஒவ்வொரு இடத்திலும் விடைபெறும்போது உதிரிகளும் கூடவே போய்விடுகின்றன. பழைய திருகு ஒன்றைக் குப்பையில் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

கடைக்கு வந்த வேலைகளில் மனதில் நிற்பது ஒரு மவுசர். நீலகிரிப் பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை இல்லை, வீட்டுச் சொத்தாக வைத்திருந்தார்கள். கழுத்துப் பகுதியில் பழைய கட்டை முறிந்துவிட்டது. ஊரிலேயே நல்ல கை உள்ள ஒரு தச்சரிடம் புதுக் கட்டை செய்து கொண்டுவந்திருந்தார் பேரன். மர வேலை அழகாக இருந்தது, அதில் குறையே சொல்ல முடியாது.

அறையும் மேகசினும் காலியா என்று பார்த்துவிட்டு இரும்பை வைத்துப் பொருத்தினேன். தச்சர் பின்பகுதியில் மரத்தைக் கொஞ்சம் மெலிதாக விட்டிருந்தார். பின் திருகை இறுக்கியதும் போல்ட் (இங்கே கட்டை போல்ட் இல்லை, தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட்) உரசியது. மவுசரில் பின் திருகு வால் பகுதியில் ஏறுகிறது. நீளம் அதிகமானால் அதன் நுனி மேலே எட்டிப் பார்த்து, போல்ட்டின் பின்முனையான காக்கிங் பீஸ் ஓடும் வழியில் தட்டும். முன்னால் வேறொரு பிரச்சினை. மேகசின் பெட்டிக்கும் மேலே இருக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். இங்கே பெட்டி முட்டி நின்றது. அப்படியே இறுக்கினால் மரத்துக்குப் பதில் பெட்டி பாரத்தை வாங்கும், துப்பாக்கியின் உடம்பு வளையும். பெட்டியின் விளிம்பை அரத்தால் கொஞ்சம் குறைத்தேன். இரண்டு திருகையும் கால் சுற்றுக் கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கி, ஒவ்வொரு முறையும் போல்ட்டை ஓட்டிப் பார்த்தேன்.

முன் திருகின் தலை ஏற்கெனவே யாரோ பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சிதைத்திருந்தார்கள். பள்ளத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் சரியாக முனையைத் தீட்டிக்கொள்ளாமல் துப்பாக்கித் திருகைத் தொடவே கூடாது. 22 இழைத் திருகு எங்கே வாங்குவது? லேத்தில்தான் மரை வெட்டினோம். கியர் மாற்றி, இழை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பழைய திருகோடு பக்கத்தில் வைத்து இழைக்கு இழை பொருந்துகிறதா என்று பார்த்தபின்தான் துளையில் விட்டேன். விரலாலேயே கடைசிவரை ஏறியது.

மீதி இருந்தது பின் திருகுக்கான குழாய். அங்கேயும் காலர் மாதிரி ஒரு இரும்புக் குழாய் இருக்கும். கொண்டுவந்த பொட்டலத்தில் இல்லை. பேரனிடம் கேட்டால், "அப்படி எதுவும் கழன்று வரலையே சார்" என்றார்.

"பழைய கட்டை எங்கே?"

"வீட்ல கெடக்கு சார். விறகுக்கு ஒதுக்கி வெச்சிருக்கு."

உடனே வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். நல்லவேளை, அடுப்புக்குப் போகவில்லை. அடுத்த வாரம் முறிந்த கட்டையை ஒரு கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பின் துளையில் அழுக்கும் எண்ணெயும் கெட்டியாகி, மரத்தோடு மரமாகக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பித்தளைக் கம்பியை வைத்து மெதுவாகத் தட்டியதும் வந்தது. புது மரத்துக்கு அது உயரம். அசலை வெட்ட மனமில்லாமல், அதைப் பார்த்து இன்னொன்றைக் கடைந்து, உயரத்தைக் குறைத்துப் போட்டேன். பின் திருகின் நுனியையும் அதே அளவுக்குக் குறைத்தேன். கட்டையின் முன்பகுதியைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன், சத்தம் இல்லை. போல்ட் உரசாமல் ஓடியது. அசல் குழாயை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எந்தத் துப்பாக்கி, எந்தத் துளை என்று சீட்டு எழுதி பேரனிடம் கொடுத்தேன். அடுத்த தடவை கட்டை மாற்றுகிறவருக்கு அளவு வேண்டுமே.