நாலேகால் நிமிடம் எச்சில் விழுங்காமல்

என் கழுத்துக் கட்டியை முதலில் பார்த்தது நானில்லை, பிளவுஸ் தைக்கிற அக்கா. அளவு எடுத்துக்கொண்டே, “இந்தப் பக்கம் கொஞ்சம் பூரிச்ச மாதிரி இருக்கே” என்றார். ஸ்கேனில் தைராய்டின் வலது பக்கம் 2.8 செ.மீ. கட்டி. தைராய்டு வேலை செய்வதைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை சரியாகவே இருந்தது. அப்புறம் கட்டிக்குள் ஊசி விட்டுச் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசி டெஸ்ட். ரிப்போர்ட்டில் ‘பெதஸ்டா 4’ என்று போட்டிருந்தார்கள்.

பெதஸ்டா என்பது ஊசி டெஸ்ட் முடிவைத் தரம் பிரிக்கிற முறை, அதில் ஆறு படிகள். இரண்டு என்றால் சாதுக் கட்டி, ஆறு என்றால் புற்றுநோய். நான்கு என்பது அந்தரத்தில் நிற்பது. என்னுடையது ஃபாலிகுலர் வகை. அதில் சாதுக் கட்டியின் செல்லும் புற்றுநோய் செல்லும் ஊசியில் வரும்போது ஒரே மாதிரிதான் இருக்குமாம். கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக்குழாயையோ செல்கள் துளைத்திருந்தால்தான் புற்றுநோய். உள்ளிருந்து எடுத்த ஒரு துளிச் சாற்றை வைத்து மாம்பழத்தின் தோல் கிழிந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அதனால் பாதி தைராய்டை எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் சர்ஜன்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த அன்றே ஒரு பிஜி டாக்டர் வந்தார். ரேடியாலஜி படிக்கிறவர், என் தம்பி வயதுதான் இருக்கும். “தீசிஸுக்காக ஒரு எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபி எடுத்துக்கிறீங்களாம்மா? பணம் கட்ட வேண்டாம், மருந்து ஏத்த மாட்டோம். ஆனா அதில் என்ன வந்தாலும் ஆபரேஷன் மாறாது” என்றார். கையெழுத்துப் போட்டேன். கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

சாதாரண எம்ஆர்ஐ படம் காட்டும். இது அதே மெஷினில், கட்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி அளவு இடத்தை மட்டும் குறிவைத்து, அங்கே என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று வரைபடமாகக் காட்டுகிறது. அவர்கள் தேடுவது கோலின். செல்லின் சவ்வுக்கான சரக்கு அது. செல்கள் வேகமாகப் பெருகும் இடத்தில் கூடுதலாக இருக்கும், வரைபடத்தில் 3.2 என்ற இடத்தில் ஒரு கூம்பாக எழும். மூளைக் கட்டிகளுக்கு இதைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். தைராய்டுக்கு இன்னும் ஆராய்ச்சி அளவில்தான். ஹாங்காங்கில் சில நோயாளிகளிடம் செய்து பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்க் கட்டிகளில் கோலின் தெரிந்ததாம், நல்ல தைராய்டில் தெரியவில்லையாம்.

ஸ்கேன் அன்று முதல் பிரச்சினை தாலி. தங்கத்தைவிட அதில் நான் மாட்டி வைத்திருந்த ஊக்குகள்தான் டெக்னீஷியனை மிரட்டின. மொத்தம் ஏழு. என் மாமியார் கையோடு கொண்டுவந்த மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். வளையல், ஹேர்பின், மெட்டி எல்லாம் இவர் சட்டைப் பைக்குப் போயின.

கழுத்தைச் சுற்றி ‘காயில்’ (coil) என்கிற, சிக்னல் பிடிக்கும் கருவியை மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். படம் எடுத்தவரை ஒன்றுமில்லை. அப்புறம் மைக்கில் குரல் வந்தது: “அக்கா, இப்பத்தான் மெயின். நாலேகால் நிமிஷம். அசையாதீங்க, எச்சில் விழுங்காதீங்க.”

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூட விழுங்கியிருக்க மாட்டேன். சொன்ன மறுநொடி, நாக்கில் எலுமிச்சை ஊறுகாய் வைத்த மாதிரி ஊற ஆரம்பித்துவிட்டது. இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு ‘மடக்’. விழுங்கும்போது தைராய்டு மேலே ஏறி இறங்கும், அவர்கள் குறிவைத்த பெட்டிக்குள் கட்டிக்குப் பதிலாக வேறெதுவோ வந்துவிடும். பக்கத்திலேயே மூச்சுக்குழாய், அதன் காற்றினால் காந்தப்புலம் ஏற்கெனவே சீராக இருக்காதாம். முதல் வரைபடம் வீண்.

இரண்டாம் தடவையும் வீண், இருமிவிட்டேன். மூன்றாவதுக்கு முன் டெக்னீஷியன் உள்ளே வந்து தலைக்கடியில் இருந்ததைச் சரிசெய்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, “இப்ப நல்லா முழுங்கிக்கோங்க. வாயை லேசா திறந்து, எச்சில் ஓரமா வழிஞ்சா வழியட்டும்” என்று பஞ்சு வைத்துவிட்டுப் போனார். வழிந்தது. மானம் பார்க்கிற இடமா அது? மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு கிடந்தேன். முடிந்தது.

அதோடு கிளம்பியிருக்க வேண்டும். நான்தான் சும்மா இராமல், “என்ன தெரியுது சார்?” என்றேன். அவர் தயங்கி, திரையைத் திருப்பினார். 3.2இல் கூம்பு. சின்னதுதான், ஆனால் எனக்கே தெரிந்தது. “சாதுக் கட்டியிலும் சில சமயம் வரும்மா, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது” என்று மூன்று தடவை சொன்னார். ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பது இரவும் கண்ணை மூடினால் அந்தக் கூம்புதான். மகளுடைய ஸ்கூல் ஃபீஸ் ரசீது எந்த டப்பாவில் இருக்கிறது என்பதைக்கூட இவருக்குச் சொல்லி வைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் இரண்டு வாரம் கரகரத்தது. பயாப்சி ரிப்போர்ட் வர பத்து நாள்: ஃபாலிகுலர் அடினோமா, உறை முழுதாக இருக்கிறது, எங்கும் துளைக்கவில்லை. புற்றுநோய் இல்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்த பிஜி டாக்டர் தன் நோட்டில் என் எண்ணுக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார். கோலின் இருந்தும் சாதுக் கட்டியாக வந்த கேஸ்களும் தீசிஸுக்கு வேண்டுமாம். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. அடுத்து வருகிறவர்களிடம் எச்சில் விஷயத்தை முந்தின நாளே சொல்லி, வீட்டில் பழகிவிட்டு வரச் சொல்லுங்கள் என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.