மணக்குடிப் பாலத்தில் இன்று காலை

பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். காயலில் விரால் அடிப்பான் என்ற மீன்பிடி வேட்டைப் பறவை ஒன்று தொப்பென்று விழுந்து மீனோடு எழுந்தது.

எழுந்ததும் மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டது. காற்று தடுக்காமல் பறக்க அந்த ஏற்பாடு. உள்ளங்காலில் முள் போன்ற சொரசொரப்பு, மீன் நழுவாது.

அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படும் பறவை இது. மற்ற வேட்டைப் பறவைகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. பெரும்பாலான இனங்கள் வெப்பமண்டலத்தில்தான் நெருங்கி வாழ்கின்றன.

அங்கே ஆண்டு முழுவதும் இரை, அடுக்கடுக்கான காடு, இனங்கள் பிரிந்து பெருக நீண்ட காலம். வடக்கே போகப் போகக் குளிர்காலம் இரையைப் பறிக்கிறது; இனங்களும் குறைகின்றன.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே பாருங்கள். கடற்கரையில் செம்பருந்து, கீரிப்பாறைக் காட்டில் கொண்டைப் பாம்புக் கழுகு. இடையே சில பத்து கிலோமீட்டர்தான்.

அந்த மலையடிவாரங்களில் பாறை உடைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், இந்தப் பறவைகளின் இடம் போகிறதே என்று எனக்கு வயிறு எரிகிறது.