ரெண்டாவது கியர் மட்டும் ஏன் கத்துது?

கியர் போடும்போது ‘கர்ர்ர்’ என்று கேட்டதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது கியர்பாக்ஸ்தான். ஒர்க்‌ஷாப்பிலும் பல நேரம் அதே கதை: “இறக்கிப் பார்த்தாத்தான் சார் தெரியும்.” இறக்கினால் தெரியும்தான். ஆனால் கோளாறு உள்ளே இல்லாவிட்டாலும் இறக்கி ஏற்றிய கூலியைக் கொடுத்துத்தான் ஆகணும்.

நான் மெக்கானிக் இல்லை. பொள்ளாச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கியர் கத்துவதைக் கேட்டே பிழைப்பு ஓடுகிறது என்று சொல்லலாம். ஸ்கூல் வண்டியில் இடது பக்கம் என் காலுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ராடு போட்டு இணைத்திருப்பதால் அந்தப் பக்கம் மிதித்தால் என் பெடலும் கூடவே இறங்கும். சத்தம் வந்த நொடியில் கிளட்ச் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று என் காலுக்குத் தெரிந்துவிடும். முக்கால்வாசி சத்தம் அங்கேயே தீர்ந்துவிடுகிற விஷயம்: கால் முழுசாக இறங்கும் முன்பே கை முந்திக்கொள்ளும். சீட்டை முன்னால் தள்ளி, தேவைப்பட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால் கியரும் அமைதியாகிவிடும்.

மிச்சம் கால்வாசிதான் வண்டியின் கோளாறு. அதிலும் சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். எங்களிடம் வண்டி கற்றுக்கொண்ட ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர் ஒருவர், செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கியிருந்தார். போன மாதம் வந்தார்.

“ஏனுங் தம்பி, கியர்பாக்ஸே போயிருச்சாமா. சிங்க்ரோ மாத்தோணும்னு சொல்லிப்போட்டாங்க.” (கியர் விழும் முன் வேகத்தை ஒன்றாக்கும் ரிங்தான் சிங்க்ரோ. விவரம் பின்னால் வரும்.)

“எந்தக் கியர்ல சத்தம் வருதுங் சார்?”

“எல்லாத்துலயும்தான்.”

இந்த ‘எல்லாத்துலயும்’ என்ற பதிலை நான் நம்புவதே இல்லை. வண்டியை ஸ்கூல் வாசலில் சமதரையில் நிறுத்தச் சொன்னேன். முதலில் என்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை, பிறகு ரிவர்ஸ். வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டர் தொடாமல், கிளட்ச்சை அடி வரை மிதித்து, நாலைந்து நொடி சும்மா இருந்துவிட்டு ரிவர்ஸ் போடச் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது.

காசு செலவில்லாத சோதனைகளில் இது முக்கியமானது. நிறைய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் என்ஜினிலிருந்து சரியாக விடுபட்டால் கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் சில நொடிகளில் சுற்றுவதை நிறுத்திவிடும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். காத்திருந்தும் கத்தினால் ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதாவது பெடல் கீழே இருந்தாலும் கிளட்ச் முழுசாக விடவில்லை.

ஏன் விடவில்லை என்று காரணம் தேடினால் வரிசையாக வரும். கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் நீண்டிருக்கலாம், பிளே, அதாவது பெடலின் வெற்று ஆட்டம், அதிகமாயிருக்கலாம். நட்டைத் திருகினால் போதும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் என்றால் ஆயில் கசிவோ உள்ளே காற்றோ இருக்கலாம். பெடலை ரெண்டு மூணு தரம் பம்ப் அடித்துவிட்டுக் கியர் போட்டால் சத்தம் காணாமல் போகிறதா? அப்படியானால் பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கம் அதை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டர் ரெண்டையும் பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே கிளட்ச்சுக்கும் ஆயில் போகிற வண்டிகள் உண்டு. அதில் அளவு குறைந்திருந்தால் அலட்சியம் வேண்டாம்.

சார் வண்டியில் இதெல்லாம் தேவைப்படவே இல்லை. குனிந்து பெடலுக்குக் கீழே கைவிட்டேன். கம்பெனி மேட், அதன்மேல் ஒரு ரப்பர் மேட், அதற்கும் மேலே மெத்தை மாதிரி ஒரு செவன் டி மேட். மூன்றும் சேர்ந்து பெடலைத் தரைக்கு முன்பே தாங்கிக்கொண்டிருந்தன. மூன்றையும் உருவி எடுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. சார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “அட, மேட்டுக்கா இத்தன பணம் கேட்டாங்க!”

நான் சிரிக்கவில்லை. மெக்கானிக் சிங்க்ரோ என்று சொன்னதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று தோன்றியது. நின்ற இடத்தில் தெரியாதது ஓட்டத்தில் தெரியும். வால்பாறை ரோட்டுக்குப் போகலாம் என்றேன்.

அந்த மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கியரைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்தால் ஒவ்வொரு வளைவுக்கும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியாக வேண்டும். ரெண்டாவது வளைவிலேயே கேட்டுவிட்டது. குட்டிச் சத்தம்தான், ‘க்ரக்’. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது வரவில்லை, நாலிலிருந்து மூணுக்கு வரும்போதும் வரவில்லை. மூணிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும்.

இப்போதுதான் நிஜமாகவே கியர்பாக்ஸுக்கு உள்ளே பார்க்க வேண்டும். ‘கியர் பல்லு கடிக்குது’ என்று நாம் சொல்கிறோம், ஆனால் இன்றைய கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்களின் பெரிய பற்கள் எப்போதுமே ஒன்றோடொன்று சேர்ந்தேதான் சுற்றுகின்றன. நாம் லிவரைத் தள்ளும்போது நகர்வது ஸ்லீவ் என்ற வளையம். அது கியரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சின்னப் பற்களில் போய்ப் பூட்டிக்கொள்ளும். ரெண்டின் வேகமும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தச் சின்னப் பற்கள்தான் மோதிக் கத்துகின்றன. வேகத்தை ஒன்றாக்குவதற்காக நடுவில் ஒரு பித்தளை ரிங் இருக்கும். அது கியரின் கூம்பை அழுத்திப் பிடித்து, பிரேக் மாதிரி வேலை செய்து, வேகம் ஒத்துப்போன பிறகுதான் ஸ்லீவை உள்ளே விடும். அதுதான் சிங்க்ரோ. ரிங்கின் உட்புறத்தில் மெல்லிய கோடுகள் இருக்கும், ஆயில் படலத்தை வெட்டிப் பிடிப்பதற்காக. அந்தக் கோடுகள் தேய்ந்தால் ரிங் வழுக்கும்.

கியர் ஏற்றும்போது ஷாஃப்ட் வேகம் குறைய வேண்டும்; அது தானாகவே குறையப் பார்க்கும். இறக்கும்போது வேகம் கூட வேண்டும். அந்த வேலை முழுவதும் ரிங் தலையில். அதனால்தான் தேய்ந்த ரிங் முதலில் கியர் இறக்கும்போது மாட்டிக்கொள்கிறது.

உறுதி செய்ய இன்னொரு வழி இருக்கிறது. சாரை நகரச் சொல்லிவிட்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். மூணிலிருந்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஒரு சின்ன ஆக்ஸிலரேட்டர், மறுபடியும் கிளட்ச், இரண்டு. டபுள் கிளட்ச். சத்தமே இல்லை. ரிங் செய்ய வேண்டிய வேலையை என் கால் செய்தது, அவ்வளவுதான். இப்படிப் போட்டால் கத்தாமல், சாதாரணமாகப் போட்டால் கத்துகிறது என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ மேல் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு இது புதுசில்லை. அதில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓடும் வண்டியில் ஒன்றாவது போட வேண்டுமென்றால் டபுள் கிளட்ச்தான். காடிலாக் 1928-லேயே சிங்க்ரோவோடு கார் விற்றுவிட்டது. நம் ஊர் டாக்ஸிக்காரர்கள் அதற்குப் பிறகும் பல தலைமுறை காலால்தான் சமாளித்தார்கள்.

அடுத்து கியர் ஆயில். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் வண்டியை ஏற்றினோம். அவர் முதலில் மேலே இருக்கும் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் அடி போல்ட்டைத் தொடுவார். மேல் போல்ட் துருப்பிடித்து வராமல் போனால், வடித்த ஆயிலை எப்படித் திரும்ப ஊற்றுவது? வடித்த ஆயிலை ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் எடுத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். காந்தம் வைத்த அடி போல்ட்டில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தது. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான். ஆனால் தட்டில் பொன் துகள் தூவின மாதிரி மின்னியது. காந்தத்துக்கு வராத மினுமினுப்பு. “பித்தளைங்க தம்பி. ரிங் கரைஞ்சு வருது.” துண்டு துண்டாக இரும்பு வந்திருந்தால் இன்னும் பெரிய செலவு. அது இல்லை.

ஆயில் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ‘கெட்டியா இருந்தா கியருக்கு நல்லது’ என்று கடையில் சொல்வதைக் கேட்டு வாங்காதீர்கள். கியர் ஆயிலின் தர வகைகளான ஜிஎல்-4, ஜிஎல்-5 ரெண்டும் ஒன்றில்லை. ஜிஎல்-5ல் கந்தகம் கலந்த சேர்மானம் அதிகம். வண்டிக்கு அது பொருந்தாவிட்டால் பித்தளை ரிங்குக்கு ஆகாது, வழுக்கல் கூடி ரிங்கின் பிடிப்பும் குறையலாம். மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். காலையில் முதல் சில நிமிடம் மட்டும் கியர் இறுக்கமாக இருந்து, சூடானதும் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் ஆயில் கெட்டியாக இருப்பதுதான்.

இன்னொரு வகைச் சத்தத்தையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். நியூட்ரலில் நிற்கும்போது ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம். கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிடும். அது இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது, விட்டால் நிற்கிறது என்றால் கிளட்ச் பேரிங். ரெண்டுக்கும் சிங்க்ரோவுக்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியில் சார் வண்டியின் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டாவது கியர் ரிங்கை எடுத்துக் கியரின் கூம்பில் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுக் காட்டினார் அண்ணன். மிக மெல்லிய தகடுகூடச் சிக்கியது. ரிங் அந்த அளவு உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஸ்லீவ் பற்களின் முனையும் மழுங்கியிருந்ததால் அதையும் மாற்றினார். கிளட்ச் தட்டு, பேரிங் ரெண்டையும் அப்போதே போட்டுவிடச் சொன்னேன். எப்படியும் கியர்பாக்ஸ் கீழே இருக்கிறது. தனியாகப் பிறகு செய்தால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்கணும்.

முன்பு எஸ்டிமேட் போட்ட ஒர்க்‌ஷாப் சிங்க்ரோ என்று சொன்னது சரிதான். ஆனால் மேட்டை எடுக்காமல் ரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் கிளட்ச் அப்போதும் முழுசாக விட்டிருக்காது, புது ரிங்கும் அதே வழியில் தேய்ந்திருக்கும்.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. ஒரே ஒரு தகராறுதான் பாக்கி. ஓட்டும்போது சாருக்கு இடது கையைக் கியர் லிவர் மேலேயே வைத்திருக்கும் பழக்கம். உள்ளே ஸ்லீவைத் தள்ளும் செலக்டர் ஃபோர்க் சும்மா சும்மா ஸ்லீவில் உரசும், கையை எடுங்க சார் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. “கை எங்க வெக்கறது தம்பி?” என்கிறார்.