ஒரே கேள்வியை ஐந்து பேர் கேட்டார்கள்

“அம்மா கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?”

அவசரப் பிரிவுக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்தக் கேள்வியை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர், பதிவு எழுதிய நர்ஸ், டியூட்டி டாக்டர், ஸ்கேன் அறை டெக்னீஷியன், கடைசியாக நரம்பியல் மருத்துவர். ஐந்தாவது தடவை எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. இரவு பத்து மணிக்குப் படுக்கும்போது நன்றாக இருந்தார், காலையில் எழுப்பப் போனால் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, இடது கையைத் தூக்க முடியவில்லை, இதை இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பதிவு எழுதிய நர்ஸ் மட்டும் என் பதிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சுவரோரமாக அழுதுகொண்டிருந்த அக்காவிடம் போய் அதையே கேட்டார். அக்கா அம்மாவின் அறையிலேயே படுப்பவள். நாலு மணிக்கு அம்மா கழிப்பறைக்குப் போக எழுந்ததும், விளக்கைப் போடச் சொன்னதும், தானே நடந்து திரும்பி வந்து படுத்ததும் அவளுக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு வரியில் கணக்கே மாறிவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பக்கவாதம் எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்கள். என் கணக்குப்படி அந்தக் கெடு அதிகாலை இரண்டரைக்கே முடிந்துபோயிருந்தது. அக்காவின் கணக்குப்படி எட்டரை வரை இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஆறே முக்காலுக்கு. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியானதும் ஏழரைக்கு ஊசி ஏறியது. ஐந்து பேர் ஏன் ஒரே கேள்வியைக் கேட்டார்கள் என்று அப்புறம் நான் யாரிடமும் சலித்துக்கொள்ளவில்லை.

ஊசி போட்டும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இடது பக்கம் பலவீனமாகவே இருந்தது, பேச்சு குழறியது. பக்கவாத வார்டில் பத்தொன்பது நாள் இருந்தோம்.

முதல் நாளே ஒரு நர்ஸ் விழுங்கும் சோதனை செய்து, அம்மா தேறவில்லை என்று சொல்லி, கட்டிலின் தலைமாட்டில் “வாய் வழியாக எதுவும் தரக்கூடாது” என்று பலகை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பார்ப்பார் என்றார்கள். பேச்சுக்குப் பயிற்சி தருபவர் விழுங்குவதை எதற்குப் பார்க்க வேண்டும் என்பதே எனக்கு விளங்கவில்லை. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் ஒரே நாக்கும் ஒரே தொண்டையும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று இரவு அம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். உதடு வெடித்திருந்தது. மனசு கேட்கவில்லை. நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரமாகப் பார்த்து இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். அம்மா இருமவில்லை, புரையேறவில்லை. பார்த்தாயா, நன்றாகத்தானே விழுங்குகிறார் என்று அக்காவிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

காலையில் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பக்கவாதம் வந்த சிலருக்குத் தொண்டையின் உணர்வு மங்கிவிடும், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது, இருமவில்லை என்பதை நம்பவே கூடாது என்றார். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி. அந்த இரண்டு ஸ்பூன்தான் காரணமா என்று நான் கேட்டபோது யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எச்சில்கூட உள்ளே இறங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள், பிசியோதெரபிஸ்ட் காலையும் மாலையும் வந்து சளியை வெளியே கொண்டுவர மூச்சுப் பயிற்சி கொடுத்தார். நான் செய்த காரியத்துக்கு மூன்று துறைகள் வேலை பார்த்தன. அதற்குப் பிறகு எதையும் மறைத்துச் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுத ஆரம்பித்ததும் அன்றுதான்.

அந்த நோட்டில்தான் அடுத்த சிக்கல் எனக்கே கண்ணில் பட்டது.

காய்ச்சலோடு அம்மாவுக்கு ஒரு தடவை வலிப்பும் வந்திருந்தது. அதற்கு ஃபெனிடாயின் எழுதினார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, மருந்தும் உணவும் அதன் வழியாகவே போயின. குழாய் உணவோடு சேர்ந்தால் ஃபெனிடாயின் உடம்பில் சரியாக ஏறாது, மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு மணி நேரம் உணவு வேண்டாம் என்று மருந்தாளுநர் சொன்னார். டயட்டீஷியன் அம்மாவின் எடையை வைத்துக் கணக்குப் போட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை உணவு, இல்லாவிட்டால் தசை கரையும் என்றார். உணவு இறங்கியதும் ஒரு மணி நேரம் அசைக்கக் கூடாது என்றார் பிசியோதெரபிஸ்ட். ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு அம்மா தூக்கக் கலக்கமில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் தேவை. அது காலை வேளையில்தான் கிடைத்தது, அந்த நேரத்தில்தான் மற்ற எல்லாரும் வந்தார்கள்.

நாலு பேர் சொன்னதும் சரி. நாலையும் சேர்த்து ஒரே நாளுக்குள் அடக்கத்தான் முடியவில்லை. ஒருவர் எழுதிவைத்ததை இன்னொருவர் பார்த்தாரா என்பதே சந்தேகம். கேஸ் ஷீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கம் இருந்தது. நான் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் செய்தி கொண்டுபோனேன். பாதிச் செய்தி வழியில் கெட்டுப்போனது. உணவை நிறுத்தச் சொன்னார்கள் என்று நான் அரைகுறையாகச் சொன்னதில் ஒரு வேளை உணவு அடியோடு விட்டுப்போனது.

இதை முடித்துவைத்தவர் வார்டின் மூத்த நர்ஸ். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு காகிதத்தின் பின்பக்கம் இருபத்துநாலு கட்டம் போட்டார். எட்டு மணிக்கு மருந்து என்றால் ஆறிலிருந்து பத்து வரை உணவு கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை மருந்து, ஆக பன்னிரண்டு மணி நேரம் அடைந்துபோகிறது. மிச்சக் கட்டங்களில் உணவு, அதற்குப் பின் ஓய்வு, பயிற்சி எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தார். இடம் போதவில்லை. “தம்பி, இது என்னால முடியற கணக்கு இல்ல. நாளைக்கு ரவுண்ட்ஸ்ல எல்லாரும் இருக்கும்போது காட்டறேன்” என்றார்.

மறுநாள் காட்டினார். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மருந்தாளுநரைத் திரும்பிப் பார்த்தார். வலிப்புக்கு லெவெடிரசெட்டம் கொடுத்தால் உணவோடு இந்தத் தகராறு வராது என்றார் மருந்தாளுநர். அதோடு விடவில்லை. அம்மாவின் இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பதை மானிட்டர் பிடித்திருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். பக்கவாதத்துக்கு மூலகாரணமே அதுதானாம். அதற்காகச் சில நாளில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்க வேண்டியிருந்தது. ஃபெனிடாயின் அந்த மாத்திரையைக் கல்லீரலில் சீக்கிரமே சிதைத்து, வேலை செய்யவிடாமல் பண்ணிவிடும் என்றார். இரண்டு நிமிடப் பேச்சு. மருந்து மாறியது, பன்னிரண்டு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. மூன்று நாளாக நான் ஓடிய ஓட்டத்தில் நடக்காதது, எல்லாரும் ஒரே கட்டிலைச் சுற்றி நின்றதும் நடந்துவிட்டது.

பக்கவாத நோயாளிகளைப் பல துறையினர் சேர்ந்து பார்க்கும் தனிப்பிரிவில் வைத்தால், பிழைப்பவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழத் திரும்புபவர்களும் அதிகம் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. இதைப் பிற்பாடுதான் படித்தேன். ஆனால் சேர்ந்து பார்ப்பது தானாக நடந்துவிடாது. அந்த நர்ஸ் கட்டம் போடாமலிருந்தால் எங்கள் தனிப்பிரிவிலும் ஆளுக்கொரு பக்கம் எழுதிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

அவரிடமிருந்து இன்னொன்றும் கற்றேன். இரவு டாக்டரை அவர் போனில் கூப்பிடும்போது பேச்சு எப்போதும் ஒரே வரிசையில் போகும். இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். நாலே பகுதி. கேட்டபோது அதற்கு எஸ்பிஏஆர் என்று பெயர் சொன்னார். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கம், மருத்துவமனைகளுக்குப் பிறகு வந்ததாம். நான் டாக்டரிடம் பேசும்போதெல்லாம் கதையை ஆதியிலிருந்து தொடங்குவேன். நாலு பகுதியாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது குறைந்தது.

கை விஷயமும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை நிமிர்த்த நான் இடது கையைப் பிடித்து இழுப்பேன். பலவீனமான தோள் அப்படி இழுத்தால் மூட்டிலிருந்து நழுவும் என்று பிசியோதெரபிஸ்ட் திட்டினார். பகலில் நான் திருந்தினேன், இரவு உதவியாளருக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் எப்படித் தூக்க வேண்டும் என்று படம் வரைந்து தலைமாட்டில் ஒட்டினார். அம்மாவுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது, தட்டில் பாதியைத் தொடமாட்டார். அதனால் அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்து, அந்தப் பக்கம் பார்க்கப் பழகட்டும் என்று எல்லாப் பொருளையும் இடது பக்கம் வைக்கச் சொன்னார். நர்ஸ் உடனே, அழைப்பு மணி மட்டும் வலது பக்கமே இருக்கட்டும் என்றார். இருவரும் ஒரு நொடி பார்த்துக்கொண்டார்கள். மணி வலது பக்கமே இருந்தது.

பதினான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். புரையேறாமலிருக்கக் கெட்டிப்படுத்திய தண்ணீரை ஸ்பீச் தெரபிஸ்ட் முன்னால் அம்மா முதலில் விழுங்கியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் மருந்தாளுநர். சீட்டு போதாதா என்றேன். பைதான் வேண்டும் என்றார். மேசையில் கொட்டிப் பிரித்தார். அம்மா பல வருடமாகச் சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரையும், இப்போது புதிதாக எழுதியதும் ஒரே அம்லோடிபின். கம்பெனிப் பெயர்தான் வேறு. வீட்டுக்குப் போய் இரண்டையும் சேர்த்தே கொடுத்திருப்போம். முட்டி வலிக்கு அம்மா தானாகவே போட்டுக்கொள்ளும் ஐபுபுரூஃபெனும் பையில் இருந்தது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு அதைச் சேர்த்தால் குடலில் ரத்தக்கசிவு வரலாம் என்று தனியே எடுத்துவைத்தார். அந்த வலி மாத்திரையைப் பற்றி எங்களிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதை நாங்கள் மருந்தாகவே நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் எங்கள் குடும்ப மருத்துவரிடம் போனோம். மருத்துவமனைக் கடிதம் அவருக்கு வந்து சேரவில்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்ததைப் பார்த்துப் பழைய மாத்திரையை மறுபடி எழுதப் பேனாவை எடுத்தார். நான் நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். மருந்தாளுநர் தன் கையாலேயே எழுதித் தந்த பக்கம், அடியில் வார்டு மருந்தகத்தின் எண். படித்தார். போனை எடுத்து அந்த எண்ணைச் சுழற்றினார். அம்மாவின் மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டு, நடுவில் ஒருமுறை சிரித்து, நோட்டிலேயே இரண்டு வரி எழுதினார். மூன்று நிமிடம் இருக்கும். அத்தனை நேரமும் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அம்மாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.