பெயரைத் திருடிய வில்லன்: என் டைம் டிராவல் அனிமே கதை இப்போது எங்கே நிற்கிறது

கதை முழுசாக எழுதி முடித்தாயிற்று, காட்சிகளை ஒவ்வொன்றாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு பாதி தாண்டிவிட்டது. வருங்காலத்தில் பெரிய குற்றம் ஒன்றைச் செய்துவிட்டு ஒருவன் பின்னோக்கித் தப்பி ஓடுகிறான், போன இடத்தில் செத்துப்போன ஒரு பையனின் பெயரை எடுத்துக்கொண்டு அறுபது வருஷம் நல்ல மனுஷனாக வாழ்ந்துவிடுகிறான். அவனுடைய பேத்தி மியோதான் கதாநாயகி. கதை நடப்பது 2005-ல், அதாவது அவன் நிஜமாகவே பிறப்பதற்கு முன்னால். அதனால் அந்த வருஷத்தில் யார் எவ்வளவு தோண்டினாலும் அவனுடைய உண்மையான அடையாளம் கிடைக்காது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

அதிகம் யோசிக்க வைத்தது, அவன் எந்த வருஷத்துக்கு ஓடுவான் என்பது. ஜப்பானில் ஒருவர் யார் என்பதற்கு ஆதாரம் கோசெகி என்கிற குடும்பப் பதிவேடு. பிறப்பு, கல்யாணம், தத்து, இறப்பு எல்லாம் அதில்தான் ஏறும். அதில் பெயர் இல்லாதவன் எந்தக் கால இயந்திரம் வைத்திருந்தாலும் அங்கே காலூன்ற முடியாது. அப்புறம்தான் 1945 மார்ச் 10 பற்றிப் படித்தேன். பி-29 விமானங்கள் கொட்டிய தீக்குண்டுகளில் டோக்கியோவின் கிழக்குப் பக்கம், ஹோன்ஜோ, ஃபுகாகாவா, அசாகுசா எல்லாம் எரிந்து, ஒரே ராத்திரியில் சுமார் 1 லட்சம் பேர் செத்துப்போனார்கள். போரில் பதிவேடுகளும் எரிந்தன. மிச்சமிருந்த காகிதங்களையும் பிழைத்தவர்கள் சொன்னதையும் வைத்துப் பிறகு பல பதிவேடுகளைத் திரும்ப எழுதினார்கள். என் வில்லன் அந்த வரிசையில் போய் நின்று, "நான்தான் கென்ஜி" என்கிறான்.

இவ்வளவு பெரிய சாவைக் கதைக்கு வசதியான ஓட்டையாக மட்டும் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதனால் உண்மையான கென்ஜிக்கு முதல் நான்கு நிமிஷத்தைக் கொடுத்துவிட்டேன். அவன் சைக்கிள் ஓட்டுகிறான், தங்கையோடு சண்டை போடுகிறான், செருப்பு வார் அறுந்து நடுத்தெருவில் நிற்கிறான். பார்க்கிறவர்களுக்கு அவனைப் பிடித்துப்போக வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயரை இன்னொருவன் சொல்லும்போது வயிற்றைப் பிசையும்.

மியோ கண்டுபிடிக்கும் இடத்துக்கும் கோசெகிதான் கை கொடுத்தது. 1994 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பதிவேடுகள் கணினிக்கு மாறின, பழைய பதிவேட்டில் இருந்த எல்லாமே புதியதற்கு வராது. ஆனால் கையெழுத்தில் இருந்த பழைய பிரதிகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை, நேரடி வாரிசு கேட்டால் வாங்கலாம். மியோ அதைத்தான் கேட்கிறாள். எரிந்துபோனதால் மறுபடி எழுதப்பட்டது என்ற குறிப்பின் மேல் அவள் விரல் நிற்கிறது. வசனமே இல்லாத ஷாட், இசையும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது அனிமேட்டிக்கில், அதாவது ஸ்டோரிபோர்டு படங்களை நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் வரைவு வீடியோவில், நடக்கிற வேலையைச் சொல்கிறேன். அவன் பெயர் திருடியவன் என்று வசனத்தில் சொல்லாமல் உடம்பில் காட்ட வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம், நான் மூன்று ஃப்ரேமுக்கு ஒரு படம் வரைகிறேன். 1946-ல் யாரோ "கென்ஜி-சான்" என்று கூப்பிடும்போது அவன் 12 ஃப்ரேம் கழித்துத் திரும்புகிறான். அரை நொடிதான், ஆனால் திரையில் அது நன்றாகவே உறுத்துகிறது. 1955-ல் மனைவி கூப்பிடும்போது 6 ஃப்ரேம். 2005-ல் மியோ அந்தப் பெயரைச் சொல்லும்போது தாமதமே கிடையாது, சொல்லி முடிப்பதற்குள் கழுத்து திரும்பிவிடுகிறது. முதலில் கண்ணைத் திருப்பி அப்புறம் தலையைத் திருப்புவதா, இரண்டும் ஒன்றாகவா என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். 1946-க்குக் கண் முதலில், 2005-க்கு இரண்டும் ஒன்றாக என்று வைத்தபோது இரண்டு காட்சிகளும் சட்டென்று உயிர் பிடித்தன.

கால விதி ஒன்றே ஒன்றுதான்: ஒரே டைம்லைன், கிளை பிரியாது. திருட்டைத் தடுத்தால் மியோவின் அப்பா பிறக்க மாட்டார், அவளும் இல்லை. அதனால் அவள் 1946-க்குப் போவதில்லை. தாத்தாவின் பழைய கிடங்கில் கிடக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வருங்காலத்துக்குப் போய், அவனுடைய சொந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த ஷாட்டை எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. 72 ஃப்ரேம் வைத்திருக்கிறேன், 96 வரை நீட்டிப் பார்க்கப் போகிறேன். வருங்காலப் பகுதியின் ஸ்டோரிபோர்டு அதற்கு அப்புறம்தான்.